5.42க்கு நிற்கும் பைக்

இது நடந்தது. கட்டுக்கதை என்றால் மணியைக் கொஞ்சம் அழகாகப் போட்டிருப்பேன். பேய்க்குப் பன்னிரண்டு மணிதானே பொருத்தம்? ஆனால் யோகராஜின் பைக் நின்றது பின்னேரம் 5.42க்கு. வெயில் இன்னும் இறங்காத நேரம். ரோடு முழுக்க சனம், பஸ், த்ரீவீல், ஹோர்ன் சத்தம். அதற்கு நடுவில். மெக்கானிக் பேர்னாட்டின் ஃபோனில் இருக்கிற பதினொரு ஒலிப்பதிவையும் நான் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்பதாவதை மட்டும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. காசு கொடுத்தாலும் கேட்கமாட்டேன்.

யோகராஜுக்கு முப்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீடு, வாடகைக்கு. மருதானையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிற ஓரிடத்தில் வேலை. வெட்டிய லென்ஸைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மனைவி சுதர்சினி வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வீடு வர எட்டரை ஆகிவிடும். ஒரே மகள் நிதுர்ஷா, இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் இராமலெட்சுமி டீச்சர் வீட்டில் இருப்பாள். ஆறு மணிக்குள் யோகராஜ் போய்க் கூட்டிவர வேண்டும். டீச்சர் நல்ல மனுசிதான், ஆனால் மணி விஷயத்தில் இரும்பு. ஆறு தாண்டினால் அடுத்த நாள் பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த இடமும் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பஸ்ஸை நம்பி ஆறு மணியைப் பிடிக்க முடியாது. அதனால்தான் பைக்.

சீன பைக். பெயரைச் சொல்லி யாருடைய வியாபாரத்தையும் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. மலிவு. பார்வைக்கு நல்ல வாட்டசாட்டம். நான்கு கை மாறி வந்தது, ஓபன் பேப்பரில்.

ஓபன் பேப்பர் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சொந்தக்காரர் என்று ஒருவர் பெயர் இருக்கும். விற்கும்போது அவர் பெயர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். வாங்கினவன் அதை நிரப்ப மாட்டான். நிரப்பினால் கட்டணம், அலைச்சல், கியூ. அப்படியே மடித்து வைத்திருந்து அடுத்தவன் கையில் கொடுப்பான். பைக் ஊரெல்லாம் ஓடும். பெயர் மட்டும் பழைய ஆளுடையதாகவே இருக்கும்.

புரோக்கர் சஜீத் அப்படித்தான் கொடுத்தான். ஒன்றுக்கு இரண்டு படிவம்.

“ஒன்டு பிழச்சா மத்தது இரிக்கி. வெட்டி எழுதினா ரெஜிஸ்ட்ரேஷன் ஒஃபிஸ்ல எடுக்க மாட்டாங்க. ஆனா நீங்க பேரு எழுதவே வாணாம் அண்ணே. சும்மா வச்சிக்கோங்க.”

யோகராஜ் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவனை எப்படிக் குறை சொல்வது? அவனுடைய அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறையொன்றில் பிறந்து, லயத்தில் செத்தவர். இருந்த அறை கம்பனியுடையது. அந்தக் குடும்பத்தில் எவர் பெயரிலும் எதுவும் இருந்ததில்லை. மார்ச் ஒன்பது, ஞாயிறு, பின்னேரம் நான்கு மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கறுப்புப் பேனையால், ஒரு படிவத்தில் தன் முழுப் பெயரை எழுதினான். செல்லையா யோகராஜ். மை காயட்டும் என்று ஊதினான்.

நிதுர்ஷா பக்கத்தில் நின்று பார்த்தாள். எழுத்துப் பழகிய புதிது. கரண்ட் பில், ஃப்ரிஜ் கதவு, சுவர், அம்மாவின் கைப்பை... எல்லாவற்றிலும் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போடுகிற வயது.

“நானும் எழுதவா அப்பா?”

“இதுல வேணாம்டா செல்லம்.”

இரண்டு படிவத்தையும் ஃபைலில் வைத்தான். ஆறேகாலுக்கு வெளியே வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே நின்ற பைக்கின் இடது பக்க பின் ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது. காலையில் கழுவும்போது இரண்டையும் மடித்தவன் அவன்தான். யாரோ பொடியன்கள் என்று நினைத்தான். மடித்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்த நாள் திங்கள். ஆமர் வீதிச் சந்தி தாண்டி, பைக் செத்தது.

இருமல் இல்லை. திக்கல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பியது போல நின்றது. ஓரமாகத் தள்ளி, கிக் அடித்தான். ஐந்து, பத்து, பதினைந்து. ஒன்றுமில்லை. வியர்த்துக் கொட்டியது. பதினாறாவது கிக்குக்குப் பூப்போல ஸ்டார்ட் ஆனது. டீச்சர் வீட்டுக்குப் போனபோது ஐந்து ஐம்பத்திரண்டு. பிள்ளையை ஏற்றினான். ஏறியதும் அவள் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

“நெருக்காதடா. பின்னுக்குப் போ.”

“எடமில்ல அப்பா.”

அவன் அதைக் கவனிக்கவில்லை. யார்தான் கவனிப்பார்கள்?

செவ்வாயும் நின்றது. புதனும் நின்றது. வியாழக்கிழமை பேர்னாட்டிடம் போனான்.

பேர்னாட்டின் கராஜ் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், ஒடுங்கிய சந்தில். ஒரு பைக் நிறுத்தினால் இன்னொன்று நிறுத்த இடமில்லாத கராஜ். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பைக்கை உடனே பிரிக்க மாட்டான்.

“நிக்கிற நேரம் சத்தத்தப் பிடிச்சு எனக்கு வொய்ஸ் அனுப்பு மச்சான். நான் கேட்டுச் சொல்றன்.”

அப்படித்தான் அந்தப் பதினொரு ஒலிப்பதிவும் வந்தன. ஃபோனைச் சட்டைப் பையில் வைத்து, நின்றதிலிருந்து மறுபடி கிளம்பும்வரை யோகராஜ் பதிந்து அனுப்புவான். பேர்னாட் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்பான்.

முதலில் ப்ளக்கை மாற்றினான். நின்றது. பெற்றோல் டாங்க் மூடியில் காற்றுப் போகிற ஓட்டை அடைத்தால் எண்ணெய் இறங்காது என்று, மூடியைக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தான். நின்றது. காபரேட்டரைக் கழற்றி ஊதினான். நின்றது. சூடேறினால் கொயில் வேலை செய்யாமல் போகும், இந்தச் சீன சாமானில் அது வழக்கம் என்றான். அந்த மொடலுக்குப் புதுக் கொயில் இறக்குமதியில் வருவதில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி, கழித்த பைக் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டான். அன்றைக்கும் நின்றது.

பேர்னாட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனைத் தோற்கடித்த பைக் அதுவரை இல்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க வயரை எல்லாம் பிரித்துப் போட்டான். பின்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது.

“யோகு, நீ தினமும் டபிள்ஸா போற?”

“இல்லையே. மகள் மட்டும். பதினெட்டுக் கிலோ.”

“இது பதினெட்டுக் கிலோ செய்ற வேலை இல்ல மச்சான். ஷொக் ரெண்டும் உட்காந்துட்டு. டயரப் பாரு, நடுவுல தேஞ்சு போச்சு. ஆள் ஒண்டு கூடவே போகுது.”

பிறகு ஃபுட்ரெஸ்டைக் காட்டினான். வலது பக்கத்தில் தூசி கட்டியிருந்தது. இடது பக்கம் ரப்பர் பளபளவென்று மினுங்கியது. சேலை கட்டிய பெண் ஒருக்களித்து உட்கார்ந்தால் இடது பக்கத்தில்தான் இரண்டு காலையும் வைப்பாள்.

யோகராஜ் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஒன்பதாவது ஒலிப்பதிவு அடுத்த செவ்வாய். பேர்னாட் அன்று இரவே அவனை வரச் சொன்னான். கராஜைப் பூட்டிவிட்டு வெளியே, சந்தியில், நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“கேளு.”

நான் கேட்டதைச் சொல்கிறேன். முதலில் ரோட்டுச் சத்தம். பஸ் ஒன்று போகிறது. கிக்... கிக்... யோகராஜ் வாய்க்குள் திட்டுகிறான். கிக்... பிறகு ரோட்டுச் சத்தம் மெல்லக் குறைகிறது. கதவைச் சாத்தினால் குறையுமே, அப்படி. கண்ணாடி வளையல் இரண்டு உரசுகிற சத்தம். சீட் அமுங்குகிற சத்தம். பிறகு ஃபோனுக்கு மிகக் கிட்ட, ஒரு பெண் குரல். கோபமில்லாத, களைத்த குரல்.

“போவம்.”

உடனே கிக். ஒரே கிக்கில் எஞ்சின் கிளம்புகிறது.

“சுதர்சினியா?” பேர்னாட் கேட்டான்.

“அவ வெள்ளவத்தையில. எட்டரைக்குத்தானே வருவா...”

பேர்னாட் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். ஒன்பது பதிவு. ஒவ்வொன்றுக்கும் கீழே அனுப்பிய நேரம். 5.44. 5.44. 5.45. 5.44. எல்லாமே இரண்டு நிமிடம் சொச்சம் நீளம். வேறு வேறு நாள். வேறு வேறு இடம். மழை நாள், வெயில் நாள். சூடான எஞ்சின், ஆறிய எஞ்சின். நின்ற நேரம் ஒன்றே ஒன்று.

“5.42. பைக்குக்கு மணி பாக்கத் தெரியுமா மச்சான்?” நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். “பிள்ளைய இதுல ஏத்தாத.”

ஏற்றாமல்? யோகராஜ் எங்கே போவான்? டீச்சரிடம் போய் பேய் என்று சொல்ல முடியுமா? மேலும் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். இரண்டு ஒலிப்பதிவும் அனுப்பினான். இப்போது அவனுக்கே தெரிந்தது. 5.44க்குப் பின்பக்கம் அமுங்கும். திரும்பிப் பார்க்க மாட்டான். பிள்ளையை ஏற்றுவான். அவள் முதுகோடு ஒட்டிக்கொள்வாள். வீட்டு வாசலுக்கு வரும்போது கோயில் மணி அடிக்கும். கொட்டாஞ்சேனை தேவாலய மணி, ஆறு. அந்த நொடியே பைக் இலேசாகிவிடும்.

எடமில்ல அப்பா... இத்தனை நாளும் அவள் சொன்னது இதைத்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை, நிதுர்ஷாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து பிய்ந்துவிட்டது. சுதர்சினி தன் கடைக்குப் பக்கத்தில் மலிவாக ஒரு சோடி பார்த்து வைத்திருந்தாள், பிள்ளையைக் கூட்டிவந்து அளவு பார்க்கச் சொன்னாள். யோகராஜ் கணக்குப் போட்டான். மூன்றுக்குப் போனால் ஐந்துக்குள் வீடு. 5.42க்குப் பைக் மாடிப்படிக்குக் கீழே நிற்கும். என்ன வரப்போகிறது?

மழை வந்தது. ஒரு மணிநேரம் கடை வாசலில் நிறுத்தி வைத்தது.

5.20க்கு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பினார்கள். காலி வீதி முழுக்க வாகனம். 5.33க்கு பம்பலப்பிட்டி. அவன் மணியைப் பார்த்தான். 5.36. ஓரத்துக்குப் போக இடமில்லை. இடது பக்கம் பஸ், வலது பக்கம் பஸ். 5.39. சிக்னல் விழவில்லை. “அப்பா, ஏன் நடுங்குறீங்க?” என்றாள். மழைக் குளிர் என்றான்.

5.41. சிக்னல் விழுந்தது. முன்னால் இடம் கிடைத்தது. முறுக்கினான்.

நடுரோட்டில், நின்றது.

பின்னால் ஹோர்ன். ஒன்று, இரண்டு, பத்து.

கிக். ஒன்றுமில்லை. கிக்...

“அப்பா.”

“பயப்படாத. பிடிச்சுக்கோ.”

“அப்பா, அன்ட்டி ஏறணுமாம்.”

அவன் கிக் அடிப்பதை நிறுத்தினான்.

“எந்த அன்ட்டி?”

“தினமும் வாறவங்க. நான் அவங்க எடத்துல உட்காந்திருக்கேனாம். எறங்கச் சொல்றாங்க.”

“எறங்காத. நிது, எறங்காத...”

வளையல் சத்தம்.

முதுகில் ஒட்டியிருந்த சூடு விலகியது.

அவள் இறங்கிவிட்டாள்.

வலது பக்கமாக. பஸ் வருகிற பக்கமாக.

திரும்பினான். பார்க்கவில்லை. கையை மட்டும் வீசினான். சட்டைக் கொலர் கையில் அகப்பட்டது. இழுத்தான். பஸ் அவள் குடுமியை உரசிக்கொண்டு போனது. காற்று அடித்தது. சப்பாத்துப் பெட்டி நசுங்கியது.

பிள்ளை அழவில்லை. காலியான சீட்டைப் பார்த்து, “இப்ப உட்காந்துட்டாங்க” என்றாள்.

பைக்கை அங்கேயே போட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடி, வந்த த்ரீவீலில் ஏறினான். ஏறியும் என்ன? அவ்வளவு பெரிய சீட்டில் நிதுர்ஷா அவன் மடியோடு ஒடுங்கி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் இடம் வெறுமையாக இருந்தது. ஆறு மணிக்குக் கோட்டையைத் தாண்டும்போதுதான் அவள் காலை நீட்டினாள்.

பேர்னாட் போய் பைக்கை எடுத்துவந்தான். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனதாம்.

ஞாயிற்றுக்கிழமை யோகராஜ் ஃபைலை மேசையில் பிரித்து, புத்தகத்தில் இருந்த சொந்தக்காரரின் விலாசத்தை எழுதிக்கொண்டான். பாமன்கடை. கனகசபாபதி. பஸ்ஸில் போனான். வீடு தேடிக் கண்டுபிடிக்கும்போது பின்னேரம் ஐந்து பத்து.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மெலிந்த மனிதர். எங்கோ வெளிக்கிட்டு நிற்பது போல இஸ்திரி போட்ட சட்டை. பைக் நம்பரைச் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வணக்கம் இல்லை, என்ன ஏது என்று இல்லை. ஒரே கேள்விதான்.

“பேர் எழுதிப்போட்டீங்களோ?”

யோகராஜ் தலையாட்டினான்.

“மார்ச் ஒன்பதாம் திகதி. பின்னேரம். என்ன?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் சுவரைக் காட்டினார். நாட்காட்டியில் மார்ச் ஒன்பதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்.

“அண்டைக்குத்தான் அவ வரேல்ல. எட்டு வருசத்தில முதல் நாள்.”

உள்ளே இருந்து ஒரு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யோகராஜ் குரலைத் தாழ்த்தினான்.

“அவங்க யாருங்க ஐயா? உங்க சொந்தக்காரங்களா?”

“ஆரெண்டு எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு வித்தவரும் சொல்லேல்ல. புத்தகத்தில என்ர பேர் விழுந்த நாளிலயிருந்து வந்தவ. பைக்கை வித்தால் போயிடும் எண்டு வித்தன். போகேல்ல. பஸ்ஸில போனால் பஸ் நிக்கும். நடந்தால் பக்கத்தில நடப்பா. பேர் என்ர பேர்தானே. எங்கயம்மா கொண்டுபோய் விடுறது எண்டு கேட்டும் பாத்தன். பதில் இல்ல. ஆறு மணிக்கு இறங்கிப்போடுவா.”

“தெரிஞ்சுதான் பேப்பர் குடுத்தீங்களா?”

அவர் தலை குனிந்தார். “நாலு பேர் ஓட்டினவை. ஒருத்தரும் எழுதேல்ல. ஆராவது எழுதுவினம், எழுதுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

யோகராஜுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிள்ளையள் இருக்கோ?”

“ஒரு மகள். ஏழு வயசு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். 5.31. முகம் மாறியது. எழுந்து யோகராஜின் தோளைப் பிடித்தார்.

“வெளிக்கிடுங்கோ தம்பி. கோவிக்காதையுங்கோ. அவ வரேக்க நீங்கள் இங்க நிக்கக் கூடாது. அவ என்னைக் காணக் கூடாது.”

தள்ளாத குறையாக வெளியே விட்டார். கதவு சாத்தியது. மேல் கொண்டி. கீழ்க் கொண்டி. பிறகு எதையோ இழுத்துக் கதவோடு வைக்கிற சத்தம்.

5.42க்கு அவன் பஸ்ஸில் இருந்தான். பஸ் நின்றது. சாரதி சாவியைத் திருப்பினார், திட்டினார், திருப்பினார். நின்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி யோகராஜுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வந்தாள், குனிந்தாள், “ஸொரி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனாள். சீட் வெறுமையாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பியது. கொண்டக்டர் வந்தார்.

“தெகக் நேத?”

இரண்டுதானே என்று சிங்களத்தில் கேட்டார். யோகராஜ் இரண்டு டிக்கெட் எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலிலிருந்து தன் பெயர் எழுதிய படிவத்தை எடுத்தான். நேரே குசினிக்குப் போனான். மணி 7.20. நெருப்பு வைத்தான். “என்ன எரிக்கிறீங்க?” என்று சுதர்சினி கேட்டாள். பழைய பேப்பர் என்றான். செ... ல்... லை... பெயர் எழுத்தெழுத்தாகக் கறுத்தது. அப்பாவின் பெயரும் சேர்ந்து எரிகிறதே என்று நினைத்தான். சாம்பலைக் குழாயடியில் கரைத்துவிட்டான்.

திங்கட்கிழமை. பைக்கை எடுக்கவில்லை. வேலையிலிருந்து ஐந்துக்கே சொல்லிவிட்டு, பஸ் ஏறி, ஆமர் வீதியில் இறங்கி நடந்தான். 5.40. 5.41. 5.42.

ஒன்றுமில்லை.

5.44. ஒன்றுமில்லை! பஸ் ஓடுகிறது, த்ரீவீல் ஓடுகிறது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. நடுரோட்டில் நின்று சிரித்தான். பேக்கரியில் நிதுர்ஷாவுக்கு மீன் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கினான். டீச்சர் வாசலில் 5.51.

அவள் ஓடி வந்தாள். வலது கையால் அவன் கையைப் பிடித்தாள். நடந்தார்கள். பாணை நீட்டினான்.

“பொறகு சாப்பிடுறேன்.”

“ஏன்? சூடா இருக்குடா.”

“கை இல்லையே அப்பா.”

பார்த்தான்.

அவள் இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கியிருந்தது. விரல்கள் வளைந்திருந்தன.

எதையோ... யாரையோ பிடித்திருப்பது போல.

மணி அடித்தது. ஆறு. கை கீழே விழுந்தது. அவள் பாணை வாங்கிக் கடித்தாள்.

வீடுவரை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபைலைத் திறந்தான். இரண்டாவது படிவம். வெறுமையாக இருந்த படிவம்.

வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தில், பெட்டிக்கு வெளியே வழிகிற பெரிய எழுத்தில், நிதுர்ஷா. பக்கத்தில் ஒரு பூ.

“எப்ப எழுதின?”

“நேத்து. நீங்க குசினியில பேப்பர் எரிச்சீங்கதானே, அப்ப.”

“யார் எழுதச் சொன்னது?”

“அன்ட்டி. பேரு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக் காட்டுன்னாங்க.”

ஏழு இருபதுக்கு. ஆறு மணியோடு இறங்கிப்போகிறவள், அன்றைக்கு மட்டும் இறங்கவில்லை.

அவன் தீப்பெட்டியை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். தன் பெயரை எரித்தால் அது பாமன்கடைக்குத் திரும்பிப் போகும் என்று நம்பித்தான் எரித்தான். அது பிள்ளையிடம் வந்தது. இதையும் எரித்தால் எங்கே போகும்? தெரியாது. தெரியாத ஒன்றைப் பிள்ளையின் தலையில் வைத்துச் சோதித்துப் பார்க்க எந்தத் தகப்பனால் முடியும்? வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கறுப்புப் பேனையை எடுத்தான். மகளின் பெயரை, பூவோடு சேர்த்து, ஒரு கோடு தெரியாமல் வெட்டினான். கீழே எழுதினான். செல்லையா யோகராஜ். மணி 6.25. வெட்டி எழுதிய படிவத்தை ஒஃபிஸில் எடுக்க மாட்டார்கள். இனி அந்த பைக்கை அவன் பெயருக்கு மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது. இந்த முறை மை காய ஊதவில்லை. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

இப்போதும் அந்த பைக் ஓடுகிறது. நீங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பார்க்கலாம். ஒரு நாளும் நடுரோட்டில் நிற்பதில்லை. ஏனென்றால் 5.41க்கு யோகராஜே ஓரமாக நிறுத்திவிடுகிறான். இறங்கி, இடது பக்க ஃபுட்ரெஸ்டைக் கையால் விரிக்கிறான். நேரே பார்த்துக்கொண்டு இருக்கிறான். பின்பக்கம் அமுங்குகிறது. ஒரே கிக். பிறகு டீச்சர் வீட்டு ஒழுங்கை முனையில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறான். மணி அடித்து பைக் இலேசானதும்தான் வாசலுக்குப் போகிறான். டீச்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஐந்து நிமிடம் வாங்கியிருக்கிறான். தினமும் ஏச்சு விழுகிறது. வாங்கிக்கொள்கிறான். பேர்னாட்டைக் கேட்டால் “அந்த பைக் ஃபோல்ட் சரியாப் போச்சு” என்பான். சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டான்.

பிள்ளை இப்போது சீட்டில் நன்றாகப் பின்னுக்குப் போய் உட்காருகிறாள். அதைப் பார்த்து யோகராஜும் கொஞ்சம் தெளிந்திருந்தான். ஓகஸ்ட் மாதம்வரைக்கும்.

ஓகஸ்டில் நிதுர்ஷாவுக்கு எட்டு வயது. கேக் வெட்டினார்கள். ஆட்கள் போன பிறகு அவள் தரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து விரலையும் விரித்து அப்பாவிடம் காட்டினாள்.

“இன்னும் பத்து.”

“என்ன பத்து?”

“பத்து வருஷம். பதினெட்டு வயசானாத்தான் என் பேர்ல பைக் எழுதலாமாம். அன்னைக்கு நான் எழுதுறப்போ அன்ட்டி சொன்னாங்க. அதுவரைக்கும் அப்பாகூட வாறேன்னு சொன்னாங்க.”